ஆற்காடும் மைசூரும்: ஒரு நாடு எப்போது தோற்றுப்போகிறது?



போரில் தோற்கடிக்கப்பட்ட நாடு வேறு; உள்ளுக்குள்ளேயே தோற்றுப்போன நாடு வேறு. சோமாலியா, ஆப்கானிஸ்தான் என்று செய்தி படிக்கும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். காங்கேயத்துக்காரர்களான நமக்கு அந்தக் குழப்பம் வரக்கூடாது. 1799 வரை இந்த மண்ணை ஆண்டது மைசூர். கிழக்குச் சீமையை ஆண்டவர் ஆற்காட்டு நவாபு. இரண்டையும் விழுங்கியது ஒரே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி. விழுங்கிய விதம்தான் வேறு.

மைசூர் தோற்றுப்போன நாடு அல்ல. அதை ஆண்ட ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் தாங்களே வரி வசூலித்து, தாங்களே படைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வரி கடுமைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1790இல் கும்பினி பிடித்த கோவைக் கோட்டையை 1791இல் திப்புவின் படை மீட்டது. நான்காவது போரில்தான் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அதன் பிறகும் நம் மேலப்பாளையத்துத் தீரன் சின்னமலை சும்மா இருக்கவில்லை; கும்பினியை எதிர்த்து நின்றார். 1805இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நம் காலத்துக்குப் பாடம் ஆற்காடுதான். முகமது அலி வாலாஜா நவாபாக நிலைத்ததே ஆங்கிலேயர் துப்பாக்கியால். எதிரி சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. படை இரவல், செலவு நவாபு கணக்கில். பணம் தட்டுப்பாடானபோது கடன் கொடுத்தவர்கள் யார்? அதே கும்பினியின் சென்னை அதிகாரிகள், சொந்தப் பெயரில், கொள்ளை வட்டிக்கு. அதற்கு ஈடு, சீமைகளின் வரிவசூல். 1773இல் கும்பினிப் படை தஞ்சாவூரை நவாபுக்குப் பிடித்துக் கொடுத்தது. 1776இல் அதை மன்னர் துளஜாஜியிடமே திருப்பிக் கொடுத்தபோது பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர் குறுக்கே வந்தார். தஞ்சை வருவாயும் வயலில் நிற்கிற வெள்ளாமையும் தன் கடனுக்கு ஈடாக எழுதப்பட்டிருப்பதாகச் சொன்னார். அதை ஏற்காத சென்னை ஆளுநர் பிகட்டை அவருடைய சபையினரே கைது செய்தார்கள்; 1777இல் காவலிலேயே இறந்தார். ஆளுநருக்கே அந்தக் கதி என்றால், உழுதவன் யாரிடம் போய் முறையிடுவான்?

அந்நியத் தலையீட்டின் பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது. இரவல் படையும் இரவல் பணமும் கிடைத்துவிட்டால் ஆள்பவனுக்குக் குடிகளின் சம்மதம் தேவையில்லை. 1792இல் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கும்பினிக்குப் போனது. 1801இல் நாடே போனது. நவாபிடமிருந்து அதை எடுக்கப் போர் தேவைப்படவில்லை. ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது.

அதே கண்ணோடு நம் காலத்து இலங்கைக்கு வருகிறேன். 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தார்கள். அதற்கு முன்பே, 2017இல், அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிருந்தது. தமிழ்நாடு 40,000 டன் அரிசி தர முன்வந்தது. அதற்கு ஈடாக எதையும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட உதவியை நான் தலையீடு என்று சொல்ல மாட்டேன்.

2022 ஜூலையில் இலங்கை அதிபர் தப்பி ஓடிய பிறகும் நாடாளுமன்றம் கூடியது. 2024இல் மக்கள் வாக்களித்து ஆட்சியை மாற்றினார்கள். அதனால் இலங்கையைத் தோற்றுப்போன நாடு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் உள்நாட்டுப் போரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் எங்கே என்று அவர்களுக்கு இன்னும் அரசு பதில் சொல்லவில்லை. வரியும் படையும் இருந்தும் நீதி இல்லாத அந்தத் தாய்மார் முன்னால், அது தோற்றுப்போன அரசுதான்.