சுருள்முடியும் சீப்பும்

குடவாசலில் நான் பள்ளிக்குச் சென்ற நாளில், என் சுருள்முடியைத் தோழியர் 'குருவிக்கூடு' என்பர். அதை நேராக்கும் ஆத்திரத்தில் உலர்ந்த தலையைச் சீப்பால் இழுத்து இழுத்து வாரினேன். முடி அறுந்ததே மிச்சம். குடவாயிற் கீரத்தனார் என்ற சங்கப் புலவரின் பெயரில் விளங்கும் ஊர் எங்களுடையது. அப்புலவர்கள் மகளிர் கூந்தலை 'ஐம்பால்' என்றனர். உரையாசிரியர்கள் எண்ணும் அவ்வைந்து ஒப்பனைகளுள் சுருளும் ஒன்று! இதை அன்று எனக்கு எவரும் சொல்லவில்லை.

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் நுனிவரை எளிதில் இறங்கும். சுருளின் வளைவுகளில் தயங்கி நின்றுவிடும். ஆதலின் சுருள்முடி விரைவில் வறண்டு, வாரும்போது ஒடிகிறது. சீயக்காயை அளவுமீறித் தேய்த்தால் இருக்கும் எண்ணெயும் போய்விடும். செம்பருத்தி இலையை அரைத்துத் தேயுங்கள். அதன் வழவழப்பில் சிக்கு நெகிழும். ஈரம் உலருமுன், அகன்ற பற்களுள்ள சீப்பால் நுனியில் தொடங்கி, சிறிது சிறிதாக மேலேறுங்கள். என் பாட்டியார் சீப்பையே தொடமாட்டார், விரலால்தான் சிக்கெடுப்பார். அதுவரை நான் உட்கார்ந்திருக்க வேண்டுமே!