உடுத்தத் தகுந்ததைக் கொடுப்போம்

(சாந்தோமில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் அநேகர் வருஷந்தோறும் மிஷன் மருத்துவமனைகளுக்குத் துணிமணிகள் கொடுத்து உதவுகிறீர்கள். அதற்கு முதலாவது எங்கள் நன்றி. இன்று நாங்கள் காணிக்கை கேட்க வரவில்லை. உங்கள் பீரோவிலும் பரணிலும் கிடக்கிற பழைய துணிகளைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறோம்.

சாந்தோமில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி அலை இதோ பக்கத்திலுள்ள பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து வீடுகளுக்குள் புகுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். செய்தி பரவியதும் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. கொடுத்தவர்களின் மனது நல்ல மனதுதான். ஆனாலும் அந்தத் துணிகளில் ஏராளமானவை கடலோரச் சாலைகளில் குவியல் குவியலாகக் கிடந்து பாழாயின.

ஏன் அப்படி ஆயிற்று? மீனவ மக்கள் அதற்கு முந்தின நாள் வரை தங்கள் உழைப்பில் வாங்கியதை உடுத்தி வாழ்ந்தவர்கள். கிழிந்ததையும், கறைபட்டதையும், தங்கள் ஊரில் யாரும் உடுத்தாததையும் பொறுக்கி எடுக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. அவர்கள் வீட்டை இழந்தவர்கள். மானத்தை இழந்தவர்கள் அல்ல.

அப்படி வீணாய்க் கிடந்த துணிகளைச் சேகரித்துத் தரம் பிரிக்க முன்வந்த நிறுவனங்களில் ஒன்று 'கூஞ்ச்'. இந்தியில் இதற்கு 'எதிரொலி' என்று பொருள். 1999-இல் டில்லியில் அன்ஷு குப்தா என்பவர் தம் வீட்டிலிருந்த 67 உடைகளோடு இதைத் தொடங்கினார். சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டில் கையாண்ட துணிகள் 100 லாரிகளுக்கும் மேல், ஏறக்குறைய 20 லட்சம் உருப்படிகள் என்று அந்நிறுவனம் கணக்குக் கூறுகிறது. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அவர்கள் செய்வது மிகவும் எளிய வேலை. வந்த துணியை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறார்கள். உடுத்தக்கூடியதை ஆண், பெண், குழந்தை என்று பிரிக்கிறார்கள். அறுந்த பொத்தானைத் தைக்கிறார்கள். உடுத்த முடியாத ஜீன்ஸ் பள்ளிக்கூடப் பையாகிறது. நைந்த பருத்தித் துணி, துவைத்துச் சுத்தமாக்கப்பட்டு, ஏழைப் பெண்களின் மாதவிலக்கு நாட்களுக்கான நாப்கினாகிறது. கிராமங்களில் மக்கள் கூடி ஒரு கிணறு வெட்டினாலோ குளம் தூர்வாரினாலோ, அந்த உழைப்புக்கு மரியாதையாக உடைகளைக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை.

நம்முடைய பாட்டிமார்களுக்கு இது புதிதல்ல. பழைய நூல்சேலை அவர்கள் கையில் தூளியாயிற்று, பிள்ளைத்துணியாயிற்று, கடைசியில் கரித்துணியாயிற்று. மயிலாப்பூர்த் தெருக்களில் பழந்துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர்களையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஹரியானாவிலுள்ள பானிப்பட்டில் பழைய கம்பளி உடைகளைப் பிய்த்து, நூலாக்கி, மலிவான போர்வை நெய்கிறார்கள். திருப்பூரில் வெட்டி மிஞ்சுகிற பனியன் துண்டுகளும் மறுபடி நூலாகின்றன. ஆனால் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியைப் பிரித்தெடுப்பது கடினம். அது குப்பைமேட்டுக்குப் போனால் எளிதில் மக்காது, எரித்தால் நச்சுப்புகை. ஆகவே அத்தகைய உடை நல்ல நிலையில் இருக்கும்போதே இன்னொருவர் உடுத்தும்படி கொடுத்துவிடுவதே மேல்.

மருத்துவமனைகளின் தேவையையும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் மேல்நாட்டுச் சபைப் பெண்கள் பழைய விரிப்புகளைக் கிழித்து, கட்டுத்துணியாகச் சுருட்டி, மிஷன் மருத்துவமனைகளுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். இன்று காயத்திற்குக் கிருமி நீக்கிய கட்டுத்துணிதான் போடவேண்டும், பழந்துணி கூடாது. ஆனால் பிரசவத்திற்கு அவசரமாக வந்த தாய்க்கு மாற்றுச்சேலை வேண்டும். விபத்தில் உடை இரத்தமான வாலிபனுக்கு வீடு திரும்ப ஒரு சட்டையும் கைலியும் வேண்டும். துணைக்கு வந்து வராந்தாவில் படுத்திருக்கும் முதியவருக்கு ஒரு போர்வை வேண்டும்.

ஆகையால் நண்பர்களே, துணி கொடுக்கும்போது தயவுசெய்து இவற்றைக் கவனியுங்கள்:

1. துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மடித்துக் கொடுங்கள். ஈரத்தோடு கட்டிய ஒரு துணி மூட்டை முழுவதையும் பூசணம் பிடிக்கச் செய்யும்.

2. பொத்தான், கொக்கி, நாடா சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரவிக்கையும் உள்பாவாடையும் இல்லாமல் சேலை மட்டும் வந்தால் அதை உடுத்துவது எப்படி?

3. ஆண், பெண், குழந்தைகளின் துணிகளைத் தனித்தனியாகக் கட்டி, மேலே எழுதி ஒட்டுங்கள்.

4. உடுத்த உதவாத பருத்தித் துணியைத் தனியே கட்டுங்கள். அதற்கும் உபயோகம் உண்டு.

5. வெள்ளம், புயல் வந்தால், என்ன தேவை என்று கேட்டறிந்த பின்பே அனுப்புங்கள். உள்ளாடைகளைப் புதிதாகவே வாங்கிக் கொடுங்கள்.

வேதாகமத்தில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை அறிவீர்கள். அவள் மரித்தபோது, அவள் கையால் செய்த உடைகளையே விதவைகள் எடுத்துக் காட்டி அழுதார்கள். உடுத்தப்போகிறவளின் முகத்தை அறிந்து அவள் தைத்தாள். நாமோ யாருக்கென்று அறியாமல் கொடுக்கிறோம். ஆகவே கட்டும் முன்பு ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து, "இதை என் சொந்தத் தங்கைக்குக் கொடுப்பேனா?" என்று கேட்டுப் பார்ப்போம். 'கொடுப்பேன்' என்றால் அதை மடித்து வைப்போம். 'மாட்டேன்' என்றால் நாலாவது கட்டில் சேர்ப்போம்.

அடுத்த பண்டிகைக்குத் தியாகராய நகரில் புதுத்துணி எடுத்து வருகிற நாளிலேயே, பீரோவிலிருந்து நல்ல நிலையிலுள்ள ஒன்றை வெளியே எடுத்து வையுங்கள். உங்கள் சங்கத்தில் நாலைந்து பேர் ஒரு மத்தியானம் கூடி உட்கார்ந்தால், தரம் பிரிக்கிற வேலை முடிந்துவிடும். ஊசியும் நூலும் கொண்டுவர மறக்காதீர்கள்.