மதுரை விமான நிலையம் யாருக்குச் சொந்தம்?

(பாளையம்பட்டியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)

தோழர்களே!

"கூலிக்காரனுக்கு ஆகாய விமான விவகாரம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரியாபட்டி தாண்டி மதுரையை நெருங்கும்போது வருகிறதே அந்த விமான நிலையம், அது மக்கள் சொத்து. அதனால்தான் பேசுகிறோம்.

அதை எந்த முதலாளியும் கட்டித் தரவில்லை. யுத்த காலத்தில், 1942-ல், பிரிட்டிஷ் விமானப் படை அதைப் பயன்படுத்தியது. சுதந்திரத்துக்குப் பின் பயணிகள் விமானம் வந்தது. 2010-ல் புதுக் கட்டிடம் திறந்தார்கள். 2012-ல் கொழும்புக்கு விமானம் கிளம்பியது. இன்றும் அதை நடத்துவது இந்திய விமான நிலையங்கள் ஆணையம் என்ற பொதுத்துறை ஸ்தாபனமே.

அங்கே ஏறுவது பணக்காரர் மட்டுமல்ல. வானம் பார்த்த பூமியில் பிழைப்பு இல்லாமல், கடன் வாங்கி துபாய்க்குப் போகும் கொத்தனாரும் ஏறுகிறார்.

2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 'தேசியப் பணமாக்கல்' பட்டியல் வெளியிட்டது. அதில் 25 விமான நிலையங்கள், மதுரையும் ஒன்று. "விற்கவில்லை, குத்தகைக்குத்தான் விடுகிறோம்" என்றார்கள். திருவனந்தபுரத்தைப் பாருங்கள்! 2019 ஏலத்தில், பயணி ஒருவருக்கு 135 ரூபாய் தருவதாகக் கேரள அரசு நிறுவனம் கேட்டது. அதானி கம்பெனி 168 ரூபாய் கேட்டது. 50 வருஷக் குத்தகை அதானிக்கே போனது. 2024 ஜூலையில், உள்நாட்டு விமானம் ஏறுபவரின் கட்டணம் 506 ரூபாயிலிருந்து 770 ஆனது. குத்தகைப் பணம் யார் மடியிலிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

இன்னொரு விஷயம். மதுரையின் 7,500 அடி ஓடுபாதையை 12,500 அடியாக நீட்ட 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கிறார்கள். சின்ன உடைப்பு கிராமத்து மக்கள் 2024 நவம்பரில் போராடினார்கள். "மாற்று இடம் கொடுத்துவிட்டு எங்களை வெளியேற்று" என்பதே அவர்கள் கோரிக்கை. இதில் என்ன அநியாயம்? வீட்டையும் காட்டையும் கொடுப்பவன் ஏழை. அந்த மண்ணில் நாளை லாபம் எடுப்பவன் கோடீஸ்வரனா?

விமான நிலையம் வளரட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அது பொதுத்துறையிலேயே இருக்க வேண்டும். நிலம் கொடுத்தவர்களுக்கு முதலில் குடியிருப்பு வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கே வேலை வேண்டும். கூட்டிப் பெருக்கும், சுமை தூக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு சட்டப்படி கூலி வேண்டும்.

இன்று மதுரை விமான நிலையத்தைக் கொடுத்தால் நாளை ரயிலையும் ரோட்டையும் கேட்பார்கள். ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் இதை எடுத்துச் சொல்லுங்கள், தோழர்களே!