சற்றே ஓடியாட விடுங்கள்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் சிறுவர் பள்ளி விட்டதும் ரியூசனுக்கு விரைகின்றனர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை வாங்கே அவர்களுக்குக் கதி. இருப்புக் கொள்ளாத பிள்ளையைக் குழப்படிகாரன் என்கிறோம். அது அவதானக் குறைபாடாகவும் இருக்கலாம், குணக்கேடன்று.

2013 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 8 முதல் 10 வயதுச் சிறுவர் 40 பேர் பங்குகொண்டனர். பாதிப்பேர் அக்குறைபாடு உடையவர்கள். 20 நிமிடம் உட்கார்ந்து வாசித்த பின்னரைவிட, 20 நிமிடம் உடற்பயிற்சி செய்த பின்னர் இரு சாராரும் வாசிப்பிலும் கணக்கிலும் மேம்பட்டனர்.

ஆதலால், பெற்றோர்களே, பள்ளிக்கும் ரியூசனுக்கும் இடையே 20 நிமிடம் கடற்கரையிலோ மைதானத்திலோ ஓடியாட விடுங்கள். குழப்படிக்குத் தண்டனையாக விளையாட்டைப் பறிக்காதீர்கள். வைத்தியம் தேவையான பிள்ளைக்கு வைத்தியரை நாடுங்கள். விளையாட்டோ எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.