இரண்டு ஜான்சன்கள்: துணை வேட்பாளரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

(ஞாயிறு மாலை நம் தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். கலந்துகொள்ள முடியாத தோழர்கள் கேட்டதால் இங்கே முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



எனக்கு மேடைப் பேச்சு வராது தோழர்களே. இன்ஜினியரிங் படிச்சவன். கீபோர்டு முன்னாடி இருக்கிற தைரியம் மைக் முன்னாடி இருக்காது. அதனால எழுதி வெச்சுதான் பேசுறேன், பொறுத்துக்கோங்க.

2020 ஆகஸ்ட் மாதம். ஜோ பைடன் தன்னுடைய துணை அதிபர் வேட்பாளராக கமலா ஹாரிஸை அறிவித்தார். நான் அப்போ கல்லூரி மூன்றாம் ஆண்டு. கொரோனா நேரம், வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறோம். செய்தி வந்ததும் முதல் வேலையா ஒரு கார்டு டிசைன் பண்ணினேன். அவருடைய அம்மா ஷியாமளா சென்னையில் பிறந்தவர், தாத்தா கோபாலனுக்குப் பூர்வீகம் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். விடுவோமா? "நம்ம திருவாரூர் பொண்ணு வெள்ளை மாளிகைக்கு!" என்று போட்டேன். கார்டு எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுத்துச்சு.

சாயங்காலம் எங்க ஒன்றியத்தில் இருந்து ஒரு மூத்த தோழர் போன் பண்ணினார். "தம்பி, கார்டு நல்லா இருக்குப்பா. அந்தப் பதவியில என்ன வேலை? அத்தனை பேர் இருக்க இவங்கள எதுக்கு எடுத்தாங்க?"

"துணை அதிபர்ணே" என்றேன்.

"அது கார்டுலயே இருக்கே தம்பி" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்னைக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சது. இன்னைக்கு உங்ககிட்ட பேசப்போறது, அந்த அண்ணனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில், அந்தப் பதவியில் என்ன வேலை?

நம்ம ஊராட்சியில் துணைத் தலைவர் கையெழுத்து இல்லாம செக் பாஸ் ஆகாது. அதனால அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அமெரிக்கத் துணை அதிபருக்கு அந்த அதிகாரம்கூட கிடையாது. அரசியல் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் நேரடி வேலை முக்கியமாக இரண்டுதான். ஒன்று, செனட் சபைக்குத் தலைமை தாங்கி, ஓட்டு சமமாகப் பிரிந்தால் மட்டும் தன் ஓட்டைப் போடுவது. கமலா ஹாரிஸ் அப்படி 33 முறை போட்டார், அது சாதனை. இரண்டாவது, அதிபர் இல்லாமல் போனால் அந்த நாற்காலியில் உட்காருவது.

அவ்வளவுதானா? ஆமா, அவ்வளவுதான். ஆனா அந்த இரண்டாவது வேலைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

அமெரிக்காவில் இதுவரை அதிபராக இருந்தவர்கள் 45 பேர். அதில் 8 பேர் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார்கள். 4 பேர் நோயால், 4 பேர் துப்பாக்கியால். 1974-ல் நிக்சன் ராஜினாமா செய்தார். ஆக, 9 பேருடைய மீதிக் காலத்தைத் துணை அதிபர்தான் ஆண்டார். 45-ல் 9. ஐந்தில் ஒன்று.

இங்கே பாதிப் பேர் ஐ.டி.யில் இருக்கீங்க. ஐந்துக்கு ஒரு தடவை விழுந்துபோகும் ஒரு சர்வருக்கு பேக்கப் எப்படி எடுப்பீங்க? "பார்க்க நல்லா இருக்கு, இதை வெச்சுக்கலாம்" என்று எடுப்பீங்களா? அமெரிக்கக் கட்சிகள் பல நேரம் அப்படித்தான் எடுத்தன.

அதைச் சொல்ல இரண்டு பேரின் கதை போதும். இரண்டு பேருக்கும் பெயர் ஜான்சன். இரண்டு பேரும் தெற்கு மாநிலத்துக்காரர்கள். இரண்டு பேரையும் வேட்பாளராக்கியது தெற்கை மனதில் வைத்து. இரண்டு பேரையும் அதிபராக்கியது ஒரு கொலைகாரனின் துப்பாக்கி. அதுவரைக்கும்தான் ஒற்றுமை.

முதல் ஜான்சன், ஆண்ட்ரூ ஜான்சன். 1864. உள்நாட்டுப் போர் நடக்கிறது, லிங்கன் மறுபடியும் தேர்தலில் நிற்கிறார். அவருடைய துணை அதிபர் மெய்ன் மாநிலத்தின் ஹானிபல் ஹாம்லின். அடிமை முறைக்கு உறுதியான எதிரி. ஆனால் வடக்கத்திக்காரர், அவரால் புதிதாக ஓட்டு வராது. எதிர்க்கட்சி ஓட்டும் வேண்டும், நாடு முழுவதுக்குமான அணி என்று காட்டவும் வேண்டும். அதனால் பால்டிமோர் மாநாட்டில் ஹாம்லினை இறக்கிவிட்டு டென்னசியின் ஆண்ட்ரூ ஜான்சனை ஏற்றினார்கள்.

அவரும் சாதாரண ஆள் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை, தையல் தொழிலாளி, பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்தவர். தன் மாநிலம் பிரிந்துபோன பிறகும் செனட் பதவியை விடாமல் நின்ற ஒரே தெற்கத்தி உறுப்பினர். ஒரு கார்டு போடணும்னா இதைவிட நல்ல கதை கிடைக்குமா? நானா இருந்தா பத்து கார்டு போட்டிருப்பேன்!

ஆனால் ஒரு கேள்வியை யாரும் அழுத்திக் கேட்கவில்லை. பிரிவினைக்கு எதிரானவர் சரி, விடுதலையான கறுப்பின மக்களுக்கு உரிமை கொடுப்பாரா?

1865 மார்ச் 4 அன்று துணை அதிபராகப் பதவியேற்றார். ஆறு வாரத்தில், ஏப்ரல் 15 காலை, லிங்கன் இறந்துவிட்டார். ஆண்ட்ரூ ஜான்சன் அதிபர்.

அப்புறம் என்ன நடந்தது? போரில் தோற்ற பழைய எஜமானர்களுக்கு வரிசையாக மன்னிப்பு. விடுதலையான குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்த நிலங்கள் திரும்பவும் பழைய முதலாளிகள் கைக்கே போயின. விதைத்த மண்ணைவிட்டு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1866-ல் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது அதைத் தடுத்து வீட்டோ போட்டார். நாடாளுமன்றம் அதை மீறித்தான் சட்டமாக்கியது. சம பாதுகாப்பு தரும் 14-ஆவது திருத்தத்தையும் எதிர்த்தார். 1868-ல் அவரைப் பதவி நீக்கும் விசாரணை வந்தது. செனட்டில் 35-க்கு 19. தேவைப்பட்டது 36. ஒரே ஓட்டில் தப்பித்தார்.

ஹாம்லினை மாற்றாமல் விட்டிருந்தால் அந்த ஏப்ரல் காலையில் அதிபர் அவர்தான். ஒரு மாநாட்டில் போட்ட ஓட்டுக் கணக்குக்கு நிலம் கிடைத்த மனிதர்கள் நிலத்தை இழந்தார்கள்.

இப்போ இரண்டாவது ஜான்சனுக்கு வருவோம்.

1960 ஜூலை, லாஸ் ஏஞ்சலஸ். ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஜான் கென்னடி வென்றுவிட்டார். தோற்று இரண்டாம் இடத்தில் இருந்தவர் டெக்சாஸின் லிண்டன் ஜான்சன், செனட் பெரும்பான்மைத் தலைவர். கென்னடி அவரையே துணை வேட்பாளராகக் கூப்பிட்டார். தொழிற்சங்கத் தலைவர்கள் கொதித்தார்கள். கென்னடியின் தம்பி ராபர்ட், ஜான்சன் தங்கியிருந்த அறைக்கே போய் விலகிக்கொள்ளும்படி பேசிப் பார்த்தார். ஜான்சன் அசையவில்லை.

காரணம் வெளிப்படை. கென்னடி கத்தோலிக்கர், பாஸ்டன்காரர், வயது 43. தெற்கு அவரை நம்பாது. ஜான்சன் ரயிலில் தெற்கு மாநிலங்கள் முழுக்கச் சுற்றிப் பிரசாரம் செய்தார். டெக்சாஸ் கிடைத்தது, அதன் 24 எலக்டோரல் ஓட்டும் கிடைத்தது. கென்னடி 303, நிக்சன் 219.

இங்கே ஒரு தோழர் சாட்டில் கேட்டிருக்கார்: "துணை அதிபரைப் பார்த்து யாராவது ஓட்டுப் போடுவாங்களா?" நியாயமான கேள்வி. நேர்மையா பதில் சொல்லணும்னா, பெரும்பாலும் இல்லை. டெக்சாஸை மட்டும் கழித்தாலும் கென்னடிக்கு 279 இருக்கும், அன்றைக்குத் தேவை 269. 1988-ல் டுகாகிஸ் இதே கணக்கைப் பார்த்துக்கொண்டு டெக்சாஸின் லாயிட் பென்ட்சனைச் சேர்த்தார். பென்ட்சன் விவாத மேடையில் எதிரணியின் டான் குவேலைத் திணறடித்தார். முடிவு? டெக்சாஸும் போச்சு, தேர்தலும் போச்சு. குவேல் துணை அதிபரானார்.

ஆக, எந்த ஓட்டுக்காகத் துணை வேட்பாளரை எடுக்கிறார்களோ அந்த ஓட்டே நிச்சயமில்லை. அந்த நாற்காலி அவருக்கு வரும் வாய்ப்பு மட்டும் ஐந்தில் ஒன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க, எதை முதலில் பார்க்கணும்னு புரியும்.

1963 நவம்பர் 22, டல்லாஸ். கென்னடி சுடப்பட்டார். விமானத்துக்குள்ளேயே லிண்டன் ஜான்சன் பதவியேற்றார். குடியுரிமைப் போராட்டக்காரர்கள் அன்று பயந்திருப்பார்கள். மறுபடியும் தெற்கில் இருந்து ஒரு ஜான்சன்!

ஆனால் இவர் கென்னடி விட்டுப்போன சட்டத்தைக் கையில் எடுத்தார். செனட்டில் தெற்கத்தி உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே அதை முடக்கப் பார்த்தார்கள். 71-க்கு 29 என்று அந்த முட்டுக்கட்டை உடைந்தது. 1964 ஜூலை 2, குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்து. 1965 ஆகஸ்ட் 6, வாக்குரிமைச் சட்டம். மிசிசிபியில் ஓட்டுப் பதிவு செய்திருந்த கறுப்பின மக்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டே ஆண்டில் ஏறக்குறைய 60 சதவீதம். 1865-ல் ஒரு ஜான்சன் மூடிய கதவை, நூறு வருஷம் கழிச்சு இன்னொரு ஜான்சன் திறந்தார்.

அதே 1965 அக்டோபரில் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். எந்த நாட்டில் பிறந்தாய் என்று பார்த்து ஒதுக்கீடு வைக்கும் பழைய குடியேற்ற முறையை ஒழித்த சட்டம். ஆசியர்களுக்கு அமெரிக்கக் கதவு பெரிதாகத் திறந்தது அதற்குப் பிறகுதான். இன்னைக்கு உங்க வகுப்புத் தோழன் டல்லாஸில் வீடு வாங்கி போட்டோ போடுறான்னா, அதில் 1960-ல் ஒரு ஹோட்டல் அறையில் எடுத்த முடிவுக்கும் ஒரு பங்கு இருக்கு.

அவரை மகான் ஆக்க வேண்டாம். வியட்நாமுக்கு 5 லட்சத்துக்கும் மேல் படை அனுப்பியவரும் இதே லிண்டன் ஜான்சன்தான். அந்தப் போர்தான் அவர் ஆட்சியை முடித்தது.

சரி, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியுமா? முழுசா முடியாது. ஆனால் தடயம் இருந்தது. லிண்டன் ஜான்சன் பல வருஷம் குடியுரிமைச் சட்டங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்தான். ஆனால் இளவயதில் கொட்டுல்லா என்ற ஊரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். 1957-ல் தன் கையில் அதிகாரம் இருந்தபோது, சின்னதாக இருந்தாலும், ஒரு குடியுரிமைச் சட்டத்தை செனட்டில் நிறைவேற்றிக் காட்டியவர். ஆண்ட்ரூ ஜான்சன் பிரிவினையை எதிர்த்தவர், ஆனால் தானே அடிமைகளை வைத்திருந்தவர். ஊரும் ரத்தமும் ஒன்றும் சொல்லாது. அதிகாரம் கையில் வந்தபோது யாருக்காகப் பயன்படுத்தினார் என்பதுதான் சொல்லும்.

தேடிப் பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. 1972-ல் மெக்கவர்ன் கடைசி நேர அவசரத்தில் தாமஸ் ஈகிள்டனை அறிவித்தார். அவர் மன அழுத்தத்துக்காக மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்தவர் என்று பிறகு தெரியவந்தது. முதலில் உறுதியாக ஆதரித்தார், பிறகு கைவிட்டார். 18 நாளில் வேட்பாளர் மாறினார். நோய் வந்தது ஈகிள்டன் குற்றமில்லை. கேட்காமல் எடுத்ததும், எடுத்த பிறகு காப்பாற்றாமல் விட்டதும் தலைமையின் குற்றம். நிக்சன் 49 மாநிலங்களில் ஜெயித்தார்.

எடுத்த பிறகு ஒதுக்கி வைப்பது இன்னொரு தப்பு. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்தபோது ட்ரூமன் துணை அதிபராகி 82 நாள்தான் ஆகியிருந்தது. அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் அதிபரான பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. நாலே மாதத்தில் ஹிரோஷிமா, நாகசாகி. அப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியவருக்கு யோசிக்கக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

தோழர்களே, முடிச்சுடறேன்.

நான் அன்னைக்குப் போட்ட கார்டில் பொய் எதுவும் இல்லை. துளசேந்திரபுரம் உண்மை, ஷியாமளா உண்மை. நம்ம மண்ணோட பேர் அங்கே கேட்டதில் சந்தோஷப்பட்டதும் தப்பில்லை. ஆனா "எந்த ஊர்" என்பதோட நான் நிறுத்திக்கிட்டேன். அந்த அண்ணன் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

எந்த நாட்டுத் தேர்தலாக இருந்தாலும், இரண்டாவது நாற்காலிக்கு ஒருவர் பெயரைப் பார்த்தால், ஓட்டு வாங்கித் தருவாரா என்று கேட்பதற்கு முன்னாடி இதைக் கேளுங்கள்: முதல் நாற்காலியில் இருப்பவர் நாளைக்கு இல்லை என்றால், அவர் தொடங்கியதை இவர் முடிப்பாரா, முறிப்பாரா?

அண்ணே, நீங்களும் இதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு தெரியும். பதில் சொல்ல இத்தனை வருஷம் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க.

படித்தவர்கள் உங்கள் குரூப்பில் பகிருங்கள். கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைப் படித்துவிட்டு வருகிறேன்.