பிறந்த மண்ணா? புகுந்த மண்ணா?

நடுவர் அவர்களே! 'பிறந்த மண்தான் பெருமை'ன்னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனார். நான் ஒரு பொண்ணு கதை சொல்றேன். பேரு ஃபெங் தியான்வெய். பிறந்தது சீனாவின் ஹார்பின் நகரம். டேபிள் டென்னிஸ் ஆட 2007-இல் சிங்கப்பூருக்கு வந்தார். 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கமே பார்க்காத குட்டித் தீவு ஐயா அது! 2008 பெய்ஜிங்கில் இவர் ஆடிய மகளிர் அணி வெள்ளி வாங்கியது. நாற்பத்தெட்டு வருஷத் தவம்! 2010 மாஸ்கோவில் உலக அணிப் போட்டி. இறுதியாட்டத்தில் சீனாவையே 3-1 என்று சாய்த்தார்கள். (கைதட்டல்)

அப்பவும் 'இறக்குமதி ஆளு'ன்னு முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் கேக்குறேன், நொடிச்ச குடும்பத்தைத் தூக்கி நிறுத்தின மருமகளைப் பார்த்து, 'இவ வெளியூர்க்காரி'ன்னா சொல்வீங்க? பிறந்த மண் கையில் மட்டையைக் கொடுத்தது. புகுந்த மண்தானே ஐயா கழுத்தில் பதக்கத்தைப் போட்டது!