கேட்க வெட்கப்படாத நால்வர்

(பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டை முன்னிட்டுக் கல்லூரிக்கு வழங்கிய ரொபோ கூடத்தின் திறப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரொபோ கூடம் திறக்கும் நாளில் பேசுவதற்கு ஒரு மகப்பேற்று வைத்தியரை ஏன் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் செயலாளரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் என் வகுப்புத் தோழி. "எங்கட ஆக்களில எஞ்சினியராப் போனதுகள் எல்லாம் வெளிநாட்டில. நீர் ஒராள்தான் பஸ் ஏறி வரக்கூடிய தூரத்தில இருக்கிறீர்" என்றார். ஆகவே என் தகுதி அந்தப் பஸ் பயணம்தான்.

ரொபோவைப் பற்றி எனக்கு ஒரேயொரு கதை தெரியும். 'வயர்ட்' என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் 2005ஆம் ஆண்டு ஜோசுவா டேவிஸ் என்பவர் எழுதியது. பிறகு நூலாகவும், 2015இல் திரைப்படமாகவும் வந்தது. நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில் ஓய்வறைக் கணினியில் அதை வாசித்தேன். இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. ஏனென்று போகப் போக விளங்கும்.

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் என்று ஓர் அரசாங்க உயர்நிலைப் பாடசாலை. மெக்சிக்கோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகளே அங்கு அதிகம். அலன் கமரன், பிறெடி லஜ்வார்டி என்ற இரண்டு ஆசிரியர்கள் அங்கே ஒரு ரொபோ குழுவை நடத்தினார்கள். ஒஸ்கார் வாஸ்குவெஸ், கிறிஸ்ரியன் ஆர்செகா, லொறென்சோ சன்ரியான், லூயிஸ் அராண்டா என்ற நான்கு மாணவர்கள் 2004இல் கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் நடந்த நீரடி ரொபோ போட்டிக்குப் போனார்கள். அந்தப் போட்டியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று பாடசாலைகளுக்கு ஏற்றது, மற்றது பல்கலைக்கழகங்கள் போட்டியிடுவது. தோற்பதென்றால் பெரியவர்களிடமே தோற்போம் என்று இவர்கள் பெரிய பிரிவிலேயே பதிந்துகொண்டார்கள். அந்தப் பிரிவில் உலகப் புகழ்பெற்ற எம்.ஐ.ரி. நிறுவனமும் இருந்தது. எம்.ஐ.ரி. குழுவில் 12 பேர், ஓர் எண்ணெய்க் கம்பனி கொடுத்த 10,000 டொலர். எங்கள் நால்வரின் இயந்திரத்துக்குச் செலவு ஏறத்தாழ 800 டொலர்.

செய்யவேண்டிய வேலை இதுதான். குளத்தின் அடியில் நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரி ஒன்று கிடக்கும். கரையில் நின்றபடியே ரொபோவை இறக்கி, அதன் நீளத்தை அளக்க வேண்டும், ஆழத்தையும் நீரின் வெப்பநிலையையும் எடுக்க வேண்டும், கப்பலின் மணியை மீட்க வேண்டும், ஒரு பீப்பாயிலிருந்து திரவ மாதிரி உறிஞ்சி வர வேண்டும்.

இவர்கள் வீடுகளுக்குத் தண்ணீர் எடுக்கும் பி.வி.சி. குழாய்களை வெட்டிச் சட்டகம் செய்தார்கள். குழாய்களுக்குள் அடைபட்ட காற்றே அதை மிதக்க வைத்தது. சிறிய மீன்பிடி வள்ளங்களில் பூட்டும் மின்மோட்டர்களால் அது ஓடியது. திரவத்தை எடுக்க ஒரு சின்னப் பம்பும் ஒரு பலூனும். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கோயில் தேர் மாதிரி நிறம் அடித்தார்கள். குழாய் ஒட்டும் பசையின் நெடி தாங்க முடியாமல் அதற்கு 'ஸ்ரிங்கி', அதாவது நாறல், என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வகுப்பில் என்றாலும் அந்தப் பெயரைத்தான் வைத்திருப்போம்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். தண்ணீருக்கடியில் வெப்பநிலையை எப்படி எடுப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. வெப்பமானிகள் விற்கும் ஒரு கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார்கள். நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள், நீரடி ரொபோ ஒன்று செய்கிறோம், இது எங்களுக்குத் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். மறுமுனையில் இருந்தவர் எரிச்சற்படவில்லை. நேரமெடுத்து எந்த வகை உணரி வேண்டும், அதை எப்படிப் பொருத்த வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். தொழில் தெரிந்தவனுக்கு ஒரு பிள்ளை ஆசையோடு வந்து கேட்பதைவிடச் சந்தோசம் வேறில்லை. இது எனக்கும் இப்போது தெரியும். அப்போது தெரிந்திருக்கவில்லை.

நீளம் அளக்க லேசரைப் பயன்படுத்தினார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளே, இதை நீங்கள் சொல்லுவீர்கள்: நீரின் முறிவுச் சுட்டி என்ன? 1.33. காற்றில் போவதைவிட ஒளி நீரில் மெதுவாகப் போகிறது. ஆகவே கருவி காட்டும் அளவு பிழை. அதை 30 வீதமளவில் திருத்த வேண்டும். நடுவர்கள் கேட்டபோது கிறிஸ்ரியன் தடுமாறாமல் இதைச் சொன்னான். நாங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கி, மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததும் மறந்த அதே எண்.

அடுத்தது பற்றரி. பல குழுக்கள் பற்றரியைக் கரையில் வைத்துத் தடித்த வயரினால் கீழே மின்சாரம் அனுப்பின. அது பாதுகாப்பு, ஆனால் தடித்த வயர் ரொபோவை மாட்டைக் கயிற்றில் கட்டியது போல இழுத்துப் பிடிக்கும். இவர்கள் துணிந்து, தண்ணீர் புகாத ஒரு பெட்டிக்குள் பற்றரிகளை வைத்து ரொபோவிலேயே ஏற்றினார்கள். வயர் மெலிந்தது, ரொபோ சுழன்று திரிந்தது. ஆனால் பெட்டிக்குள் தண்ணீர் போனால் எல்லாம் சோட் ஆகிவிடும்.

தண்ணீர் போனது. அதுவும் சாண்டா பார்பராவுக்குப் போய்ச் சேர்ந்தபின், போட்டிக்கு முதல்நாள் பரீட்சித்துப் பார்த்தபோது. புதுப்பெட்டி வாங்க நேரமில்லை. கசிவை நிறுத்த முடியாவிட்டால், கசிகிற தண்ணீரையாவது உள்ளே ஏதாவது உறிஞ்ச வேண்டும். சிறியதாக இருக்க வேண்டும், நிறைய உறிஞ்ச வேண்டும். லொறென்சோதான் சொன்னான்: ரம்போன்.

ஆசிரியைகள் என்னை மன்னிக்க வேண்டும். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மாதவிடாய்க் காலத்தில் சில நாட்டுப் பெண்கள் உடலுக்குள் வைக்கும், விரலளவில் உருட்டிய பஞ்சு அது. சிரியுங்கோ, பரவாயில்லை. கடைக்குப் போக லொறென்சோவைத்தான் அனுப்பினார்கள். அங்கே தட்டு நிறைய வகை வகையாக இருந்தது. எதை எடுப்பதென்று தெரியவில்லை. அந்தப் பதின்ம வயதுப் பொடியன் அங்கே பொருள் வாங்கிக்கொண்டு நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போய், எங்கள் ரொபோ கசிகிறது, இதில் எது கூட உறிஞ்சும் என்று கேட்டான். அவர் சொல்லிக்கொடுத்தார். வாங்கிவந்து பெட்டிக்குள் அடுக்கினார்கள். கழன்ற இணைப்புகளை இரவு இரண்டு மணிவரை இருந்து மறுபடி ஈயம் வைத்து ஒட்டினார்கள். அடுத்த நாள் ரொபோ தண்ணீரில் ஓடியது.

இதை வாசித்தபோது ஓய்வறையில் நான் ஒருத்தியாக இருந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பொடியன் அந்நியப் பெண்ணிடம் கேட்ட அந்தக் கேள்வியை, நான் என் அம்மாவிடமே கேட்டதில்லை. 1995 ஒக்ரோபரில் நாங்கள் வீட்டைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. அந்த மழையில், அந்தச் சனத்துக்குள், பழைய துணியைக் கழுவிக் காயப்போட இடமில்லாமல் பட்ட பாட்டை இங்கு இருக்கும் என் வயதுக்காரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பாருங்கோ, எங்களுக்குள்ளேயே இன்றுவரை நாங்கள் அதைக் கதைத்ததில்லை. இப்போதும் கடையில் அந்தப் பொதியைப் பேப்பரில் சுற்றித்தான் தருகிறார்கள். கிளினிக்குக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளில் சிலர் முகம் வெளிறி, படியேற மூச்சு வாங்கித்தான் வருகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பார்த்தால், மாதக்கணக்காக அளவுக்கு மிஞ்சி இரத்தம் போயிருக்கும். உடலில் இரும்புச்சத்தே இருக்காது. ஏன் பிள்ளை சொல்லயில்லை என்றால் தலை குனியும். பல பேருக்கு இது குளிசையால் தீர்க்கக்கூடிய வருத்தம்.

வெட்கம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் கட்டுரையை வாசித்த காலத்தில்தான், ஒரு நள்ளிரவில், குழந்தை பெற்ற தாய் ஒருவருக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். நிபுணருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். எடுத்தால், இது கூடத் தெரியாதா என்று கேட்பாரோ என்ற பயம். இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்று நின்றேன். வார்ட்டில் இருந்த மூத்த சிஸ்ரர் ரிசீவரைக் கையில் கொண்டுவந்து தந்தார். "எடுங்கோ டொக்ரர். ஏச்சு விழுந்தா உங்களுக்குத்தானே விழும். ரத்தம் போறது அந்தப் பிள்ளைக்கு." நிபுணர் வந்தார், ஏசவில்லை, தாய் தப்பினார். அந்தப் பத்து நிமிடத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

போட்டி முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஓட்டத்துக்கு மட்டுமல்ல, எழுதிக்கொடுத்த தொழினுட்ப அறிக்கைக்கும் நடுவர்களுக்கு அளித்த விளக்கத்துக்கும் புள்ளிகள் உண்டு. வடிவமைப்புக்கும் அறிக்கைக்கும் பரிசு கிடைத்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததில் கார்ல் ஹேடன் முதலிடம், எம்.ஐ.ரி. இரண்டாமிடம்.

படம் பார்த்த பலர் இதிலிருந்து, காசு இல்லாதவன்தான் நல்லாகக் கண்டுபிடிப்பான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கையில்லை. நாங்களும் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள்தான். கெட்டித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெடல் சுற்றிய நேரத்தில் படித்திருக்கலாம். அந்த நால்வருக்கும் அப்படித்தான். சிறுவயதில் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்ட அவர்களில் பலரிடம் வதிவிடப் பத்திரம் இருக்கவில்லை. 2006இல் அரிசோனாவில் வாக்கெடுப்பில் நிறைவேறிய ஒரு சட்டத்தால், அப்படிப்பட்டவர்கள் அரச பல்கலைக்கழகத்தில் பல மடங்கு கூடிய கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. லேசர்க் கணக்குச் சொன்ன கிறிஸ்ரியன் படிப்பை இடையில் விட்டான். லொறென்சோவும் லூயிசும் சமையல் தொழிலுக்குப் போனார்கள். ஒஸ்கார் 2009இல் பொறியியல் பட்டம் பெற்றபின் தானாகவே மெக்சிக்கோவுக்குத் திரும்பி, சட்டப்படி உள்ளே வர விண்ணப்பித்தான். பத்து வருடம் வரமுடியாது என்றார்கள். ஒரு செனற்றர் தலையிட்டபின் 2010இல் திரும்பி, இராணுவத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் பணியாற்றி, பிரசையானான். எம்.ஐ.ரி.யை வென்றவர்களுக்கு இவ்வளவுதான் கதவு திறந்தது. ஆகவே பிள்ளைகளுக்குக் காசு வேண்டும், நல்ல கருவிகள் வேண்டும். இந்தக் கூடத்துக்குக் கொடுத்த லண்டன், ரொறொன்ரோ, கொழும்புக் கிளைகளுக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆனால் சங்கத்திடம் இன்னும் இரண்டு கேட்கிறேன். முதலாவது, உள்ளே சுவரில் ஒரு பெயர்ப்பட்டியல். கொடையாளர் பட்டியல் வாசலில் இருக்கிறது, அது போதும். இது வேறு. எங்கள் பழைய மாணவிகளில் மின்னியல் தெரிந்தவர், கணினி நிரல் எழுதுபவர், கணக்கியல் தெரிந்தவர், தையல் தெரிந்தவர், பிள்ளைகள் எடுத்தால் பதில் சொல்லச் சம்மதிக்கும் எல்லோருடைய பெயரும் எண்ணும். கனடாவில் இருப்பவர்கள் எந்த நேரம் எடுக்கலாம் என்றும் எழுதுங்கள். நித்திரையில் எழுப்பினால் ஏசவேண்டாம்.

இரண்டாவது, அந்தக் கூடத்தில் ஈயம் ஒட்டும் கோல், திருகாணிச் செலுத்தி, வயர் எல்லாம் வைக்கும் அதே அலுமாரியில், ஒரு தட்டில் சானிற்றரி நப்கின் பெட்டி ஒன்று. பூட்டாமல். பேப்பரில் சுற்றாமல். முடிந்தால் மாதாமாதம் நிரப்பும் செலவை எங்கள் வகுப்பு ஏற்கும். என் தோழிகளிடம் இன்னும் கேட்கவில்லை, இப்போது கேட்டுவிட்டேன்.

பட்டியலில் முதலாவது எண் என்னுடையது. செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்தால் எடுக்கமாட்டேன், பிறகு நானே திருப்பி எடுப்பேன். மோட்டரைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன், ஆனால் தெரிந்தவர் யாரென்று விசாரித்துச் சொல்வேன்.